பள்ளிக்கூடத்துக்குள்ளேயே ஒரு செய்தி நேரம் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பள்ளிப் பிள்ளைகள் ரீல்ஸ் எடுத்தே கெட்டுப்போகிறார்கள், அவர்கள் கையில் கேமராவைக் கொடுத்ததே தப்பு என்று அண்மையில் ஒரு வாசகர் இந்தப் பகுதியில் எழுதியிருந்தார். அவருடைய ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் கேமராவைப் பிடுங்கி வைப்பதால் ஒன்றும் ஆகப்போவதில்லை, பள்ளிக்கூடத்திலேயே அதை ஒரு வகுப்பாக வைத்து முறையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். நான் லோக்கல் கேபிள் சேனலில் கேமராவும் எடிட்டிங்கும் பார்த்தவன், பானாசோனிக் எம்டி 10000 கேமராவைத் தோளில் சுமந்த காலத்து ஆள். இப்போது தென்காசிப் பக்கம் கல்யாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியர் அனுமதியோடு பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வீடியோ எடுப்பதும் செய்தி தயாரிப்பதும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அங்கே பார்த்ததை வைத்துத்தான் பேசுகிறேன். கடிதம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடியோ வகுப்பு என்றதும் ஆசிரியர்கள், பெற்றோர், பிள்ளைகள் எல்லோருக்கும் குறும்படம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. குறும்படம் எடுப்பது நல்ல விஷயம்தான். ஆனால் வகுப்பை அதிலிருந்து ஆரம்பித்தால் என்ன ஆகிறது என்று பல பள்ளிகளின் ஆண்டு விழாவில் பார்த்துவிட்டேன். நன்றாகப் பேசத் தெரிந்த ஒரு பையன் டைரக்டர் ஆகிவிடுவான், நல்ல போன் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை கேமராமேன், நாலு பேர் நடிப்பார்கள், மீதி வகுப்பு முழுக்க வேடிக்கை பார்க்கும். கதை பெரும்பாலும் குடிகார அப்பாவாக இருக்கும், இல்லையென்றால் கெட்டுப்போய்த் திருந்துகிற மாணவன். கடைசியில் என்னைப் போல ஒரு ஸ்டூடியோக்காரரிடம் பென் டிரைவைக் கொடுத்து எடிட் பண்ணி வாங்கி, ஆண்டு விழாவில் ஒரு தடவை போட்டுக் கைதட்டல் வாங்கியதும் முடிந்துவிடும். அடுத்த வருடம் அந்தப் பிள்ளைகள் பிளஸ் டூ போய்விடுவார்கள், கற்றதும் அத்தோடு போய்விடும்.

நான் கேட்பது வேறு. வாரம் ஒரு நாள், குறித்த நேரத்தில், ஐந்து நிமிடம், பள்ளிச் செய்தி. வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து மணி அடித்ததும் எங்கள் பள்ளிக் கூடத்தில் அது ஓடுகிறது. நூலக அறையில் ஒரு பிள்ளை உட்கார்ந்து வாசிப்பாள், ஹாலில் புரொஜெக்டரில் மற்ற பிள்ளைகள் பார்ப்பார்கள். பதிவு செய்து வைத்துப் போடுவதில்லை, லைவ். அன்றைக்குச் செய்தி தயாராகவில்லை என்றாலும் நேரம் வந்துவிடும். இந்தக் குறித்த நேரம்தான் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்கிறது, நான் சொல்லிக்கொடுப்பது அதற்கு அப்புறம்தான். டைட்டில் கார்டுக்கு என்ன எஃபெக்ட் போடலாம் என்று அரை நாள் உட்கார்ந்திருந்த பையன், வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு எஃபெக்டை எல்லாம் விட்டுவிட்டுப் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்துவிடுகிறான்.

இதில் புதிதாக ஒன்றும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நம் பள்ளிகளில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, திருக்குறள், அப்புறம் ஒரு மாணவர் அன்றைய நாளிதழைப் பார்த்துத் தலைப்புச் செய்தி வாசிப்பது என்று நாம் படித்த காலத்திலிருந்தே வழக்கம் உண்டு. உங்கள் நாளிதழையே எத்தனையோ பள்ளிகளில் அப்படி வாசித்திருப்பார்கள். அந்த வாசிப்பைக் கொஞ்சம் நீட்டி, சென்னைச் செய்தியோடு தன் பள்ளிச் செய்தியையும் தன் தெருச் செய்தியையும் சேர்த்து, அதைக் கேட்டு எழுதி, படம் பிடித்து, வெட்டி ஒட்டி, சரியான நேரத்தில் போடுவது என்று ஆக்கினால் அதுவே வகுப்பு. தனியாகப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம்.

வேலைகளை வாரா வாரம் மாற்றிக்கொடுக்கிறோம். ஒருத்தி வாசிப்பாள், ஒருவன் கேமரா, ஒருத்தி ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆடியோ பார்ப்பாள், ஒருத்தர் லேப்டாப்பில் மிக்சிங், அதாவது எப்போது எந்தப் படம் திரையில் வர வேண்டும் என்று மாற்றுவது, ஒருத்தர் வாசிப்பவருக்குச் சைகை காட்டும் ஃப்ளோர் மேனேஜர், ஒருத்தர் ரன்டவுன், மற்றவர்கள் நிருபர்கள். ரன்டவுன் என்பது எந்தச் செய்திக்கு எத்தனை நொடி என்று எழுதின ஒரு தாள், அவ்வளவுதான். தலைப்புகள் இருபது நொடி, அரையாண்டுத் தேர்வு கால அட்டவணை நாற்பது நொடி, குறுவட்டக் கபடிப் போட்டி ஒரு நிமிடம், ஒரு பேட்டி ஒரு நிமிடம் இருபது நொடி, இப்படிக் கூட்டிக்கொண்டே போனால் ஐந்து நிமிடத்தைத் தாண்டிவிடும், அப்போது எதை வெட்டுவது என்று சண்டை வரும். அந்தச் சண்டையை நான் நிறுத்துவதே இல்லை. கபடியில் ஜெயித்தது முக்கியமா, தேர்வு அட்டவணை முக்கியமா, பேட்டியில் அந்தக் கடைசி வாக்கியம் இல்லாமல் முடியுமா என்று பதினாறு வயதுப் பிள்ளைகள் காரணம் சொல்லி வாதாடுவதை வேறு எந்தப் பாடத்தில் நீங்கள் பார்க்க முடியும்?

எழுதுவதும் மாறுகிறது. பள்ளிக் கட்டுரையில் பழகின கையால் முதலில் எல்லோரும் "இன்றைய நவீன யுகத்தில் விளையாட்டு என்பது இன்றியமையாததாகும்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதை வாய்விட்டு வாசித்துப் பார்க்கச் சொன்னால் போதும், தங்களுக்கே மூச்சு முட்டும். செய்தி வாசிப்பில் நிமிடத்துக்கு நூறு வார்த்தையைத் தாண்டினால் தமிழில் ஓட ஆரம்பித்துவிடுகிறது, பின்வரிசையில் இருப்பவர்களுக்கு ஒன்றும் புரியாது. ஆகவே ஐந்து நிமிடம் முழுக்கப் பேசினாலும் ஐந்நூறு வார்த்தைதான், பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுதுகிற பிள்ளைக்கு அது கையிருப்பு குறைந்த மாதிரி. வாரம் ஒன்றுக்கு ஐந்நூறு வார்த்தையை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற பிள்ளை, தேவையில்லாத ஒன்றையும் எழுதாது.

உச்சரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் மழையை மளை என்றுதான் சொல்வோம். செய்தி வாசிக்கும்போது ழகரமும் ளகரமும் தெளிவாக வர வேண்டும் என்று பழக்குகிறோம், பிள்ளைகள் தங்கள் குரலையே திரும்பக் கேட்டுத் திருத்திக்கொள்கிறார்கள். ஆனால் பேட்டி கொடுப்பவர் எப்படிப் பேசுகிறாரோ அப்படியேதான் போக வேண்டும். கேமராவைப் பார்த்ததும் ஊர்க்காரர்களைச் சுத்தமான தமிழில் பேசச் சொல்லி வதைக்கக் கூடாது, அதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். தெளிவாக வாசிப்பது வாசிப்பவரின் வேலை, அதைப் பேட்டி கொடுக்க வந்தவர் தலையில் கட்டக் கூடாது.

சரி, எடுப்பதற்கு வருவோம். வீடியோ என்றால் படம் என்று நினைக்கிறார்கள். முதலில் சத்தம். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பார்ப்பார்கள், பேச்சு கேட்கவில்லை என்றால் யாரும் அரை நிமிடம் உட்கார மாட்டார்கள். சத்துணவுக் கூடத்தில் சமையல் செய்யும் அக்காவைப் பேட்டி எடுக்க ஒரு குழு போனது. போனை நாலடி தள்ளிப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டார்கள். ஹெட்போன் மாட்டியிருந்த பிள்ளை நடுவிலேயே கையை ஆட்டி நிறுத்தினாள். "சார், அக்கா சொல்றது ஒண்ணுமே கேக்கல, தட்டு சத்தம்தான் கேக்குது" என்றாள். காதால் கேட்கும்போது நம் மூளை தட்டுச் சத்தத்தை ஒதுக்கிவிட்டுப் பேச்சை மட்டும் எடுத்துக்கொள்கிறது, மைக்குக்கு அந்த வித்தை தெரியாது என்பது அந்தப் பிள்ளைக்கு அந்த நொடியில் புரிந்தது. அப்புறம் அக்காவை வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிவந்து, காலர் மைக்கைத் தாடைக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் மாட்டிப் பேச வைத்தார்கள். மைக்கின் தூரத்தைப் பாதியாகக் குறைத்தால் குரல் ஆறு டெசிபெல் கூடும், சுற்றுச் சத்தமோ அப்படியே இருக்கும், இதை எழுதிப்போட்டுக் கணக்காகவும் காட்டலாம்.

மைக் சரியானதும் அடுத்த சிக்கல். "அக்கா, தினமும் முட்டை போடுறீங்களா?" "ஆமா." "வேலை கஷ்டமா இருக்கா?" "ஆமா." "பிள்ளைங்க நல்லா சாப்பிடுறாங்களா?" "ஆமா." பேட்டி முடிந்துவிட்டது. கையில் மூன்று ஆமாவை வைத்துக்கொண்டு என்ன செய்தி போடுவது? உட்கார்ந்து யோசித்து அவர்களே கேள்வியை மாற்றினார்கள். "காலையில வந்ததும் முதல்ல என்ன வேலை பாப்பீங்க?" என்று கேட்டதும் அந்த அக்கா அடுப்பு மூட்டுவதிலிருந்து முட்டை உரிப்பது வரைக்கும் நிறுத்தாமல் சொல்ல ஆரம்பித்துவிட்டார். தினம் கையில் தட்டை வாங்கிச் சாப்பிட்ட பிள்ளைகளுக்கே அவர் எத்தனை மணிக்கு வீட்டிலிருந்து கிளம்புகிறார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்புறம் மறுபடி சமையல் கூடத்துக்குப் போய்க் கரண்டி, அண்டா, ஆவி, வரிசையில் நிற்கும் பிள்ளைகள் என்று பேச்சுக்கு நடுவே காட்டுகிற கட் ஷாட்களை எடுத்து, அந்தக் கூடத்துச் சத்தத்தையும் தனியாக அரை நிமிடம் பதிவு செய்துகொண்டார்கள். எடிட்டிங்கில் பேச்சுக்கு அடியில் அதை மெதுவாக ஓட விட்டபோது, மரத்தடியில் பேசியது போலவே தெரியவில்லை.

வெளிச்சத்தில் ஒரு விஷயம் நம் ஊருக்கென்றே இருக்கிறது. வகுப்பறை டியூப் லைட்டிலும் மலிவான எல்இடி விளக்கிலும் எடுத்த வீடியோவில் கருப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடும், பார்த்திருப்பீர்கள். போன் கெட்டுப்போய்விட்டது என்று பிள்ளைகள் நினைத்தார்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கின் வெளிச்சம் நொடிக்கு 100 தடவை கூடிக் குறைகிறது. பெரும்பாலான போன்கள் நொடிக்கு 30 பிரேம் எடுக்கும்படி செட் ஆகி வருகின்றன, 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள அமெரிக்கா போன்ற நாடுகளுக்கு அது பொருந்தும். இங்கே ப்ரோ மோடில் போய் 25 பிரேம், ஷட்டர், அதாவது ஒவ்வொரு பிரேமுக்கும் வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம், ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்தால் பட்டை நின்றுவிடும். நம் தொலைக்காட்சிகள் 25 பிரேமில் ஓடுவதும் இந்த 50 ஹெர்ட்ஸை ஒட்டித்தான். இதை நான் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே இயற்பியல் ஆசிரியர் உள்ளே வந்து, பிளஸ் டூவில் வரப்போகிற மாறுதிசை மின்னோட்டப் பாடத்தைக் கரும்பலகையில் வரைந்து விளக்கினார். அந்தப் பிள்ளைகளுக்கு இனி அந்தப் பாடம் மறக்காது. யூடியூபில் வீடியோ எடுக்கச் சொல்லித்தரும் பலர் வெளிநாட்டு செட்டிங்கை அப்படியே ஒப்பிப்பதால், இதை நம் பள்ளிக்கூடத்தில்தான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். எடிட்டிங். ஒரு குழு தங்கள் தெருவில் தண்ணீர்ப் பிரச்சினை பற்றிச் செய்தி எடுத்து வந்தது. ஒரு பெண்மணி சொன்னது இது: "ரெண்டு மாசமா தண்ணி ஒழுங்கா வரல. இப்போ மோட்டார் மாத்தினாங்க, நாலு நாளா வருது." நேரம் போதவில்லை என்று எடிட் செய்த பையன் முதல் வாக்கியத்தோடு வெட்டிவிட்டான். செய்தி நல்ல காரமாக இருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் முழுப் பதிவையும் அவன் வெட்டியதையும் அடுத்தடுத்து வகுப்பில் போட்டுக் காட்டச் சொன்னேன். "அவங்க சொன்னதைத்தானே சார் போட்டேன், நான் எதையும் சேர்க்கலையே" என்றான் அவன். உண்மைதான், சேர்க்கவில்லை. வகுப்பு இரண்டாகப் பிரிந்து பேசியது. கடைசியில் ஒரு பெண் கேட்டாள், "அந்த ஆச்சி முன்னாடி இதைப் போட்டுக் காட்டுவியா?" அவன் பதில் சொல்லவில்லை, உட்கார்ந்து மாற்றினான். அன்றிலிருந்து அது எங்கள் வகுப்பின் சட்டம்: பைட் கொடுத்தவர், அதாவது கேமராவில் பேசியவர் முன்னால் போட்டுக்காட்ட முடியாதபடி வெட்டியதைப் போடக் கூடாது.

வாட்ஸ்அப்பில் பாதி வெட்டின வீடியோ வந்து ஊரில் சாதிச் சண்டையே மூள்கிற காலத்தில் இருக்கிறோம். எங்கள் மாவட்டங்களில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பார்க்கிறதை எல்லாம் நம்பாதே என்று பிள்ளைகளுக்கு எத்தனை தடவை அறிவுரை சொன்னாலும் ஏறாது. தன் கையால் ஒரு வாக்கியத்தை வெட்டி, அர்த்தம் தலைகீழாக மாறியதைப் பார்த்த பிள்ளை, அடுத்த முறை ஒரு வீடியோ வந்தால் "இதுக்கு முன்னாடி என்ன சொன்னார், பின்னாடி என்ன சொன்னார்" என்று தானாகவே கேட்கிறது. நான் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த வகுப்பை எல்லாப் பள்ளியிலும் வைக்கலாம்.

சரி, எடுத்ததை எங்கே போடுவது? யூடியூபில் பள்ளிக்கென்று ஒரு சேனல் ஆரம்பிக்கலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் வேண்டாம் என்கிறேன், முதல் ஒரு வருடமாவது வேண்டாம். சேனல் என்று வந்துவிட்டால் எத்தனை வியூஸ், எத்தனை லைக் என்பதிலேயே மனம் போய்விடும், சமையல்கார அக்காவின் செய்தியை விடப் பிராங்க் வீடியோவுக்குத்தான் வியூஸ் வரும், பிள்ளைகள் அந்தப் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். ஹாலில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் கூடப் படிக்கிற பிள்ளைகள். தப்பாகப் பெயர் போட்டால் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரனே வராந்தாவில் பிடித்துக்கொண்டு கேட்பான். அந்தப் பொறுப்பு வியூஸில் வராது.

சட்டமும் இருக்கிறது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. பள்ளிக்குள்ளேயே காட்டினாலும் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது, நாங்கள் வாங்குகிறோம். பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகம், பள்ளி, முகவரி எதையும் வெளியிடக் கூடாது என்பதை, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவும் 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவும் சொல்கின்றன. பெரிய சேனல்களே சறுக்குகிற இடம் இது, பிள்ளைகளுக்கு முதல் மாதமே சொல்லிவிட வேண்டும். பாட்டு விஷயமும் அப்படித்தான். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வகுப்பில் கற்பிப்பதற்காகப் பயன்படுத்துவதற்குச் சில சலுகைகள் தருகிறது, அதை நம்பி சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டு இணையத்தில் ஏற்றிவிட முடியாது. எங்கள் பள்ளியில் பறை அடிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். செய்திக்கான தொடக்க இசையை அவர்களே வாசித்துப் பதிவு செய்தார்கள், இப்போது வெள்ளிக்கிழமை அந்த அடி கேட்டதும் ஹால் அமைதியாகிவிடுகிறது.

தலைமையாசிரியர்களின் பயத்தையும் நான் மதிக்கிறேன், ஆனால் பேசாமல் விட முடியாது. வேறொரு பள்ளியில் இதே வகுப்பை ஆரம்பித்தோம், மாணவிகளின் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று பிள்ளைகள் ஒரு செய்தி செய்ததும் வகுப்பே நின்றுபோனது. காரணம்கூடச் சொல்லவில்லை. அமெரிக்காவிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. மிசோரி மாநிலத்தில் 1983-இல் ஹேசல்வுட் ஈஸ்ட் உயர்நிலைப் பள்ளி முதல்வர், இதழியல் வகுப்பு மாணவர்கள் தயாரித்த பத்திரிகையில் இரண்டு பக்கங்களை அச்சுக்குப் போகுமுன் நீக்கிவிட்டார். பிள்ளைகள் வழக்குப் போட்டார்கள், உச்ச நீதிமன்றம் வரை போனது. 1988-இல் பள்ளிக்குச் சாதகமாகத்தான் தீர்ப்பு வந்தது, வகுப்பின் ஒரு பகுதியாகத் தயாராவதைப் பள்ளி கட்டுப்படுத்தலாம் என்றது நீதிமன்றம். ஆனால் அதற்குக் கற்பித்தலை ஒட்டிய நியாயமான காரணம் இருக்க வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது. நான் கேட்பதும் அவ்வளவுதான். தலைமையாசிரியர் முன்கூட்டியே பார்க்கட்டும், வேண்டாம் என்றும் சொல்லட்டும், ஏன் வேண்டாம் என்று பிள்ளைகளிடம் உட்கார்ந்து சொல்லட்டும். கழிப்பறைச் செய்தியில் இரண்டு தரப்பையும் கேட்டு, எப்போது சரியாகும் என்று தலைமையாசிரியரையே பேட்டி எடுத்துப் போட்டிருந்தால் அது பள்ளிக்குப் பெருமையாகத்தான் இருந்திருக்கும்.

செலவு? பெரிய கேமரா எதுவும் வாங்க வேண்டாம், தயவுசெய்து வாங்காதீர்கள். பூட்டி வைத்து, கணக்கில் ஏற்றி, தொடப் பயந்து, கடைசியில் பேட்டரி உப்பிப் போய்க் கிடக்கும். மாணவர்கள் பள்ளிக்குப் போன் கொண்டுவரக் கூடாது என்பதால் யாரோ மாற்றிய பழைய போன் இரண்டை வாங்கி, சிம் இல்லாமல் தலைமையாசிரியர் அறையில் வைத்திருக்கிறோம். ஆயிரம் ரூபாய்க்குள் காலர் மைக், அதே அளவில் ஒரு டிரைபாட். மைக் வாங்கும்போது பின்னைப் பாருங்கள், மூன்று கருப்பு வளையம் இருந்தால் போனுக்கு, இரண்டு இருந்தால் கேமராவுக்கு. மாற்றி வாங்கிவிட்டு மைக் வேலை செய்யவில்லை என்று கடையோடு சண்டை போடுகிறார்கள். ஹைடெக் லேப் கம்ப்யூட்டர்கள் பாடம் பார்க்கவும் தேர்வு எழுதவும் சரி, எங்கள் பள்ளியில் அவற்றில் எடிட்டிங் இழுக்கவில்லை, அதற்கு மட்டும் நல்ல லேப்டாப் ஒன்று வேண்டும். மென்பொருளுக்குக் காசு இல்லை. லைவ் மிக்சிங்குக்கு ஓபிஎஸ், எடிட்டிங்குக்கு ஷாட்கட் அல்லது கேடென்லைவ், எல்லாமே இலவசம். ஹார்ட் டிஸ்க் ஒன்று கட்டாயம், போனில் ஒரு நிமிட வீடியோவே சாதாரணமாக 100 எம்பியைத் தாண்டும்.

பணத்தை விடப் பெரிய தடை, இதற்குப் பாடவேளை இல்லாததுதான். 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தபோதே தமிழ்நாட்டில் தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. அலுவலக மேலாண்மை, கணக்குப் பதிவியல், இயந்திரவியல், மின்சாரம், வேளாண்மை, செவிலியம், ஆடை வடிவமைப்பு என்று எத்தனையோ பிள்ளைகளை அது கரை சேர்த்திருக்கிறது. ஒலி ஒளிக்கு அதில் ஒழுங்கான இடம் இல்லை. சிபிஎஸ்இ பிளஸ் ஒன், பிளஸ் டூவில் மாஸ் மீடியா ஸ்டடீஸ் என்று ஒரு பாடமே இருக்கிறது. நம் அரசுப் பள்ளிப் பிள்ளை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்துக்கோ ஏதோ ஒரு கல்லூரியில் விஸ்காம் என்கிற காட்சித் தொடர்பியல் படிப்புக்கோ போகும்போதுதான் முதன்முதலாக மைக்கைத் தொடுகிறான், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் ஒன்பதாம் வகுப்பிலேயே சொந்தக் கேமரா வைத்திருந்தவன். இது சினிமாவுக்குப் போகிறவர்களுக்கு மட்டுமான பிரச்சினையும் இல்லை. கோயில் திருவிழா லைவ், கல்யாண லைவ், டியூஷன் சென்டர்களின் பாட வீடியோ, கடைகளின் விளம்பரம் என்று தென்காசி மாதிரி சின்ன ஊர்களிலேயே வேலைக்கு ஆள் தேடுகிறோம். சத்தம் கேட்கும்படி ஒரு வீடியோ எடுக்கத் தெரிந்த பையன் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஸ்டூடியோ வைத்திருக்கும் யாரையும் கேளுங்கள்.

அரசிடம் கருவி எல்லாம் தயாராகவே இருக்கிறது. 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்திலிருந்து இயங்குகிறது. கொரோனாவில் பள்ளி மூடியபோது அதில்தான் பாடம் ஓடியது, நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் அதற்காகக் கேமரா முன்னால் நின்று பழகினார்கள். ஆனால் இன்று வரை அது ஆசிரியர் பேச மாணவர் பார்க்கிற சேனலாகத்தான் இருக்கிறது. மாதந்தோறும் அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்படம் போடுகிறார்கள், அது மிக நல்ல வேலை, அதையும் பிள்ளைகள் பார்க்கத்தான் செய்கிறார்கள். ஜப்பானில் என்எச்கே என்ற பொது ஒலிபரப்பு நிறுவனம் 1954 முதல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கென்று தேசிய அளவில் ஒலிபரப்புப் போட்டி நடத்தி வருகிறது. செய்தி வாசிப்பு, இலக்கிய வாசிப்பு, வானொலி ஆவணம், தொலைக்காட்சி ஆவணம் என்று தனித்தனிப் பிரிவுகள். அங்கே பள்ளிக்குப் பள்ளி ஒலிபரப்பு மன்றம் இருக்கிறது, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர்களே நிகழ்ச்சி நடத்துகிறார்கள். 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்எம் என்ற சமூக வானொலியைத் தொடங்கி நாட்டுக்கே வழி காட்டிய மாநிலம் நம்முடையது. பள்ளிக்கு அதைக் கொண்டுவர முடியாதா?

ஆகவே பள்ளிக் கல்வித் துறையிடம் நான் கேட்பதை உங்கள் பத்திரிகை வழியாகச் சொல்லிவிடுகிறேன். பிளஸ் ஒன்னில் வாரத்துக்கு இரண்டு பாடவேளை இதற்கு ஒதுக்குங்கள், பொதுத் தேர்வு வேண்டாம், மதிப்பெண் வைத்தால் கைடு புத்தகம் வந்துவிடும். ஒரு பள்ளிக்கு ஓர் ஆசிரியருக்காவது பயிற்சி கொடுங்கள், எந்தப் பாட ஆசிரியராக இருந்தாலும் சரி, தமிழாசிரியராக இருந்தால் இன்னும் நல்லது. கல்வித் தொலைக்காட்சியில் வாரம் அரை மணி நேரத்தை மாணவர்கள் தயாரித்த செய்திகளுக்கு விடுங்கள், மாவட்டத்துக்கு ஒன்று என்று வைத்தாலே போதும், ஒரு பள்ளிப் பிள்ளை செய்ததை இன்னொரு மாவட்டத்துப் பிள்ளை பார்க்கட்டும். தொழில் தெரிந்த ஸ்டூடியோக்காரர்களும் பழைய கேபிள் டிவி ஆட்களும் ஊருக்கு ஊர் இருக்கிறோம், சனிக்கிழமை வந்து சொல்லித்தரக் கூப்பிட்டால் பலர் வருவார்கள், ஆனால் யார் யார் வரலாம் என்பதைத் துறை விசாரித்து அடையாள அட்டை கொடுத்து அனுமதிக்க வேண்டும். பிள்ளைகள் இருக்கும் இடம், கண்டவர்களும் கேமராவோடு நுழையக் கூடாது.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்குப் படம் எடுப்பது, சத்தம் பார்ப்பது, வெட்டுவது எல்லாம் என்னால் சொல்லித்தர முடிகிறது. ஒரு தகவலை எப்படிச் சரிபார்ப்பது, பேச மறுக்கிற அதிகாரியிடம் மரியாதை குறையாமல் எப்படித் திரும்பத் திரும்பக் கேட்பது, இதெல்லாம் தினம் அந்த வேலையைச் செய்கிறவர் வந்து சொன்னால்தான் சரியாக இருக்கும். உங்கள் தென்காசி நிருபர் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் எங்கள் பள்ளிக்கு வர முடியுமா? தலைமையாசிரியரிடம் பேசிவிட்டேன், அவருக்குச் சம்மதம். மதியம் வரை இருந்தால் அன்றைய செய்தியையும் பார்த்துவிட்டுப் போகலாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
தென்காசி